பதினொரு செவ்வாய்க்கிழமை

அத்தியாயம் பதினான்கு

நர்ஸிங் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிவிட்டது. அண்ணி அதைப் பிரித்துப் பிரித்து மடித்ததில் மடிப்பு வாட்டத்தில் தாள் கிழிய ஆரம்பித்திருந்தது.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம்தான் புத்தகத்தைப் புரட்டுகிறவர்களுக்காக நாலு வரி. பத்தொன்பது வருஷமாக ஆண்கள் வார்டில் நர்ஸ். ‘அண்ணி’ என்பது வீட்டில் நாத்தனார் கூப்பிடுகிற பெயர். அந்த நாத்தனாரும் படித்து முடித்து அதே வார்டுக்கு வேலைக்கு வந்து, அங்கேயும் வாய் மாறாமல் அண்ணி என்றே கூப்பிட, வார்டே அதைப் பிடித்துக்கொண்டது. பெரிய டாக்டர்கூட ரவுண்ட்ஸில், “அண்ணி, ஆறாம் பெட்ல டிரிப் முடியுது பாருங்க” என்பார். இடுப்பெலும்பு உடைந்து கிடக்கிற எழுபது வயசுக் கிழவனுக்கும் அவள் அண்ணிதான்.

வீட்டுக்காரர் கிரேன் ஓட்டுகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறு மாநிலத்தில் துறைமுக வேலை கிடைத்துப் போனார். இந்தப் பள்ளிக்கூட வருஷம் தொடங்கும்போது பன்னிரண்டு வயசு மகளும் அப்பாவோடு போய்ச் சேர்ந்தாள். பின்னாலேயே அண்ணியும் போவதாக ஏற்பாடு. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சொல்லி வைத்தாயிற்று. மாதக் கடைசி வரைக்கும்தான் இடத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள்.

குறுக்கே நின்றது ஒன்றே ஒன்று. ஒரு மாநிலத்தில் பதிந்த நர்ஸ் இன்னொரு மாநிலத்தில் ஊசியைத் தொட வேண்டுமானால் பதிவை அங்கே மாற்றியாக வேண்டும். மாற்றுவதற்கு இரண்டு ஆதாரம் கேட்டார்கள். வேலை பார்த்த நாட்களுக்கு ஒன்று, பயிற்சி வகுப்புக்குப் போன மணிக்கணக்குக்கு ஒன்று. ஆஸ்பத்திரி எழுதித் தரும் சான்றிதழே போதும். ஆனால் அண்ணி எதையும் இரண்டு மடங்காகச் செய்கிறவள். மாத்திரை கொடுத்துவிட்டு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிற ஆள். சான்றிதழோடு மூன்று வருஷத்து வார்டு டூட்டி ரிஜிஸ்டரையும் நகல் எடுத்தாள், வகுப்பு வருகைப் பதிவேட்டையும் நகல் எடுத்தாள். இரண்டையும் ஒரே கவரில் வைத்து, ஓரம் பிரியாமல் டேப் ஒட்டி, அவளே போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தாள்.

அந்த ஊர்க் கவுன்சிலில் யாரோ ஒரு கிளார்க் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டான்.

பதினொரு செவ்வாய்க்கிழமை. பதினொன்றிலும் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரைக்கும் அண்ணி வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறாள். அதே இரண்டிலிருந்து ஐந்து வரைக்கும் வார்டில் முப்பத்திரண்டு பெட்டுக்கும் மருந்து கொடுத்திருக்கிறாள். இரண்டு இடத்திலும் அவள் கையெழுத்து இருக்கிறது. விளக்கம் கேட்டு இங்கிருக்கிற கவுன்சிலுக்கு எழுதினார்கள். இவர்கள் அவளுக்கு எழுதினார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் வர வேண்டும்.

வகுப்பில் கையெழுத்துப் போட்டது நாத்தனார். வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னவள்.

போடச் சொன்னது அண்ணி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வகுப்பு கட்டாயம் என்று சுற்றறிக்கை வந்த அன்று ஷிப்டில் இருந்தது இரண்டு பேர். அண்ணி அதைப் படித்துவிட்டு, “ரெண்டு பேரும் கிளம்பிட்டா பெட்டை யாரு பாக்கறது, சுவரா? நீ போ. எனக்கும் சேர்த்துப் போட்டுட்டு வா” என்றாள். சின்னவள் தயங்கினாள். அண்ணியின் கையெழுத்து தனக்கு வராது என்றாள். “வராட்டிப் பழகிக்க” என்று கழித்துப்போட்ட சார்ட் தாள் ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள் அண்ணி. எள் என்றால் எண்ணெயாக நிற்கிற பெண். சாயங்காலத்துக்குள் தாளின் பின்பக்கம் முழுக்க எழுதிப் பழகிக் காட்டினாள். அதன் பிறகு வார்டில் எல்லோருமே அப்படித்தான் செய்தார்கள். ஒருத்தி போவாள், இரண்டு பேருக்குப் போடுவாள். ஒரு நோயாளியும் மருந்தில்லாமல் கிடக்கவில்லை. யாருக்கும் தப்பாகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அண்ணி புடவையை மாற்றிக்கொண்டு பையைத் தோளில் மாட்டியபோது மாமனார் வாசல் நாற்காலியில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சரக்குக் கிடங்கில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கியவர். முழங்கால் இரண்டும் சிப்பமாக வீங்கியிருக்கும்.

எங்கே என்று கேட்டார். கவுன்சில் ஆபீஸுக்கு என்றாள்.

“எங்க கிடங்குல ஒருத்தன் போய் இருபது பேருக்கு ஆஜர் சொல்லுவான். மேஸ்திரி தலையை எண்ண மாட்டான், மூட்டையைத்தான் எண்ணுவான். மூட்டை ஏறிச்சா இல்லையா? அதைக் கேளு அவனுங்களை.”

“இங்க தலையைத்தான் எண்ணுறாங்க மாமா.”

“அப்போ மூட்டையை யாரு தூக்குறதாம்?” என்று மறு முழங்காலுக்கு மாறினார்.

சின்னவள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மதியம் இரண்டு மணி ஷிப்டு. இரண்டு நாளாக டூட்டி முடிந்தும் வீட்டுக்கு நேரத்தோடு வருவதில்லை. கேட்டால் வார்டில் வேலை என்கிறாள். அண்ணிக்கு அது ஓர் உறுத்தலாக இருந்தது. பயந்து போய் நம்மை ஒதுக்குகிறாளோ என்று நினைத்தாள். பயப்பட வேண்டியவள்தான் அவள். இன்னும் ஒப்பந்த நர்ஸ். நிரந்தரமாக்குகிற பட்டியல் வெளிவரப் போகிறது, இந்த முறை அதில் அவள் பெயர் இருக்கிறது.

பையில் இரண்டு பக்கக் கடிதம் இருந்தது. முந்தின நாள் உட்கார்ந்து உள்ளது உள்ளபடி எழுதியது. ஆள் பற்றாக்குறை, தான் சொல்லித்தான் நடந்தது, சின்னவள்மேல் தவறில்லை. கோழி கிறுக்கின மாதிரி எழுதுகிறவள், அதை மட்டும் பரீட்சை எழுதுவதுபோல நிறுத்தி எழுதியிருந்தாள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் முந்தின நாள் போனில் பேசியது வந்து மடியில் ஏறிக்கொண்டது.

வீட்டுக்காரர் முதலில் பேசினார். ஆஸ்பத்திரியில் மறுபடியும் கேட்டார்களாம். இந்த மாதம் இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். அவர் சுற்றி வளைத்தார், இருமினார், கடைசியில், எழுதுவதை எப்படியாவது எழுதிவிட்டு வந்து சேர் என்றார். சின்னவள் தன் தங்கைதான், அவளுக்கு ஒன்றும் ஆகாது, அப்படி ஏதாவது ஆனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த ‘எப்படியாவது’ என்ன என்று அண்ணியும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு மகள் வாங்கினாள். பள்ளிக்கூடம் நல்லா இருக்கு, சாப்பிட்டாச்சு, எல்லாம் ஒற்றை வரியில். வைக்கப்போகும் நேரத்தில், “அம்மா, எனக்குப் போன வாரமே வந்திருச்சு” என்றாள்.

அண்ணிக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பெண் வயசுக்கு வந்துவிட்டாள் என்று பிறகுதான் பிடிபட்டது. ஏன் உடனே போன் பண்ணவில்லை என்றாள்.

“அப்பா கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தாரு. கடைக்கார ஆன்ட்டிகிட்ட கேட்டாராம். பெரிய சைஸ். பரவால்ல, ரெண்டா மடிச்சுக்கிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்க வரலைன்னாலும் பரவால்லம்மா. பழகிருச்சு” என்றாள்.

எத்தனையோ பேருடைய புண்ணைக் கழுவிக் கட்டிய கை. பெற்ற பெண்ணுக்கு ஒரு துணியை மடித்துக் காட்ட அதற்குக் கொடுத்துவைக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நாற்பது நிமிஷமும் அந்தப் ‘பழகிருச்சு’ கூடவே வந்தது.

கவுன்சில் ஆபீஸில் பதிவு மாற்றப் பிரிவு இரண்டாம் மாடி. படியேறி மூச்சு வாங்க நின்றவளை ஓர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். செக்ஷன் கிளார்க். மேசை நிறைய ஃபைல், அதன் நடுவில் கையளவு இடத்தில் டிபன் பாக்ஸ். அண்ணி தன் எண்ணைச் சொன்னதும் தேடாமலே ஒரு ஃபைலை உருவினாள்.

“பதினொரு செவ்வாய்க்கிழமை நீங்கதானா? உக்காருங்க. இந்த மாடி முழுக்க உங்களைத் தெரியும்.”

கிளார்க் கெட்டவள் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். அவள் தங்கையும் நர்ஸாம், வார்டுப் பாடு தனக்கும் தெரியுமாம். கடிதத்தை வாங்குவதற்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள்.

“இதுல ரெண்டே வகைதான். தெரிஞ்சு செஞ்சது, தெரியாம நடந்தது. தெரிஞ்சு செஞ்சதுன்னா ஃபைல் கமிட்டிக்குப் போகும். கமிட்டி கடைசியா கூடி ஏழு மாசமாச்சு. அடுத்து எப்போன்னு அந்தக் கமிட்டிக்கே தெரியாது.”

“தெரியாம நடந்ததுன்னா?”

“இன்னைக்கே சூப்பிரண்டு மேசைக்குப் போயிரும். புதன்கிழமை உங்களுக்குத் தடையில்லாச் சான்று.”

அண்ணி பைக்குள் கைவிட்டுக் கடிதத்தைத் தொட்டாள். எடுக்கவில்லை.

“தெரியாமன்னா, அப்புறம் யார் போட்டாங்கன்னு கேப்பாங்களா?”

“யாரோ போட்டாங்கன்னு எழுதினா ஒத்துக்க மாட்டாங்க. பேர் வேணும்.”

மின்விசிறி தாள்களைப் படபடவென்று அடித்தது. அண்ணி மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். சின்னவளுக்கு ஒரு மெமோ வரும். மெமோ வந்தால் பட்டியலிலிருந்து பெயர் எடுபடும். அடுத்த பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள், சேர்க்காமலா போவார்கள்? வயசு இருக்கிறது அவளுக்கு. அவள் அண்ணன் பார்த்துக்கொள்வார். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கு எங்கே சரிகிறது என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் அடுக்கினாள்.

திங்கட்கிழமை வரைக்கும் நாள் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சின்னவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். இரண்டு மாடி இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வந்திருந்தால்கூட வேறு மாதிரி ஆகியிருக்கும். இதையெல்லாம் அவள் பிறகு எத்தனையோ தடவை நினைக்கப் போகிறாள்.

“ஒரு வெள்ளைத் தாள் கிடைக்குமா?” என்றாள்.

எழுதுவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மேற்படி தேதிகளில் தான் வார்டில் பணியில் இருந்ததாகவும், வகுப்புப் பதிவேட்டில் உள்ள கையெழுத்துத் தன்னுடையது அல்ல என்றும், உடன் பணிபுரியும் நர்ஸ் உதவி செய்வதாக எண்ணித் தனக்குத் தெரியாமல் போட்டுவிட்டதாகத் தற்போது தெரியவருகிறது என்றும் எழுதினாள். கீழே சின்னவளின் முழுப் பெயர். பதிவு எண்ணும் வேண்டும் என்றாள் கிளார்க். அதைக் கேட்க யாரிடமும் போக வேண்டியிருக்கவில்லை. சின்னவளின் முதல் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்ததே அண்ணிதான். ஏழு இலக்கமும் மனப்பாடம்.

கிளார்க் முத்திரை குத்தினாள். தபால் பதிவேட்டில் ஏற்றி எண் போட்டாள். பிறகு ஒரு கவரை எடுத்து வைத்துக்கொண்டு, “ஒரு நகல் அந்தம்மாவுக்கு அனுப்பணும். அட்ரஸ் சொல்லுங்க” என்றாள்.

அண்ணி கதவு எண்ணைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள்.

கிளார்க் பாதியில் பேனாவை நிறுத்தி ஃபைலைப் புரட்டினாள். “இது உங்க அட்ரஸ்.”

“ஆமா.”

“ஒரே வீடா?”

“என் வீட்டுக்காரரோட தங்கச்சி.”

கிளார்க் மிச்ச முகவரியைத் தன் ஃபைலைப் பார்த்தே எழுதிக்கொண்டாள். அதுவரைக்கும் இருந்த தங்கை பேச்சு, வார்டுப் பாடு எல்லாம் அவள் முகத்திலிருந்து வழித்தெடுத்த மாதிரி போய்விட்டது. “புதன்கிழமை வாங்க” என்று அடுத்த ஃபைலை எடுத்தாள்.

கதவு வரைக்கும் போன அண்ணி திரும்பி வந்தாள். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டாள்.

“எண் விழுந்துட்டா எடுக்க முடியாதும்மா. வேணும்னா இதுக்கு மேல இன்னொரு லெட்டர் குடுக்கலாம். அதுல இது பொய்னு எழுதினீங்கன்னா, கையெழுத்து விஷயம் போய் இது பெரிசாயிரும். கவுன்சிலுக்குப் பொய் எழுதிக் குடுத்தா பதிவையே ரத்து பண்ணுவாங்க. இங்கயும் இருக்காது, அங்கயும் இருக்காது.” தலை நிமிராமலே சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. சின்னவள் குளித்து யூனிஃபார்ம் போட்டுத் தலைவாரிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் அண்ணி ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். நகல் தபாலில் வந்து அவள் கையில் கிடைப்பதற்கு முன்னால் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். அந்த மட்டும் நேர்மை மிச்சம் இருந்தது.

வாயைத் திறப்பதற்குள் சின்னவள் சீப்பைப் போட்டுவிட்டு வந்து அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“அண்ணி, மூஞ்சைத் தொங்கப்போடாதீங்க. ஒண்ணு காட்டுறேன்.”

பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்தாள். டைப் செய்த கடிதம். வார்டில் போதிய ஆள் இல்லாத காரணத்தால் ஒருவர் வகுப்புக்கும் ஒருவர் பணிக்கும் போவது மூன்று வருடமாக எங்கள் அனைவரின் வழக்கம், நாங்கள் எல்லோருமே ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், இதில் தனியாக எவரும் குற்றவாளி அல்ல, நடவடிக்கை என்றால் எங்கள் அனைவர்மீதும் எடுக்கவும். கீழே ஏழு கையெழுத்து. முதல் கையெழுத்து சின்னவளுடையது.

“ரெண்டு நாளா இதுக்குத்தான் லேட்டு. முன்னாடியே சொல்லி, ஒருத்தி மாட்டேன்னுட்டா உங்களுக்கு மனசு விட்டுப் போகுமேன்னு சொல்லலை. ஆபரேஷன் வார்டுக்கு மாறிப் போன அக்காவைப் பிடிக்கத்தான் நாயா அலைஞ்சேன். இன்சார்ஜம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? ‘அவ இங்கேருந்து போய்த் தொலைஞ்சாத்தான் எனக்கு நிம்மதி, குடு பேனாவை’ன்னாங்க.”

வார்டு இன்சார்ஜுக்கு ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். இதில் கைவைத்தால் பென்ஷனும் அடிபடலாம். அந்த அம்மாளோடு அண்ணி பேசி இரண்டு வருஷம் ஆகிறது, ஏதோ லீவுத் தகராறில்.

அண்ணி ஏழு கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏழும் அவரவர் கையால் போட்டது.

“எட்டாவது நீங்க போடணும். திங்கட்கிழமை நான் லீவு சொல்லிட்டு உங்ககூட வர்றேன். எட்டுப் பேரையும் கமிட்டில நிறுத்தினா வார்டை இழுத்து மூடிட்டுப் போகட்டும். சும்மா எச்சரிச்சு விட்ருவாங்கன்னு யூனியன்ல சொல்றாங்க. ஒரு மாசம் முன்ன பின்ன ஆகும். அந்த ஆஸ்பத்திரி இல்லைன்னா இன்னொண்ணு.” பேனாவை நீட்டினாள். “போடுங்கண்ணி.”

அண்ணி பேனாவை வாங்கவில்லை.

“காலைலயே ஒண்ணு குடுத்துட்டேன்” என்றாள்.

“என்னன்னு?”

பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேருக்குக் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறாள். உங்கள் மகன் போய்விட்டான், உங்கள் காலை எடுக்க வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது, கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று புதுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்குத் தெரியாமல் நீ போட்டாய் என்று எழுதியிருக்கிறேன். உன் பெயர், உன் எண். நகல் இந்த வீட்டுக்கே வரும். கிளார்க் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள். இந்தத் தாள் அங்கே போனால் தன் கடிதம் பொய்யென்று ஆகிவிடும், தன் பதிவு போய்விடும் என்பதையும் மறைக்கவில்லை. மகள் விஷயத்தையும் சொல்ல ஆரம்பித்து, அது இந்த இடத்தில் எதற்கு என்று தோன்றி நிறுத்திக்கொண்டாள்.

சின்னவள் கத்தவில்லை. அழவுமில்லை. நீட்டிய பேனாவை மூடிப் பாக்கெட்டில் செருகினாள்.

“பட்டியல் வர்ற பதினஞ்சாம் தேதி அண்ணி” என்றாள். அண்ணிக்குத் தெரியாத தேதியைச் சொல்கிறவள் மாதிரி.

“தெரியும்.”

வாசலில் மாமனார் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

சின்னவள் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். “இப்போ இதை நான் என்ன பண்ணணும்? மத்த ஆறு பேர்கிட்டயும் போய்த் திருப்பிக் குடுக்கணுமா, இல்ல ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடுக்கணுமா? திருப்பிக் குடுத்தா எனக்குப் போச்சு. கொண்டுபோய்க் குடுத்தா உங்களுக்குப் போச்சு.” குரல் ஏறவில்லை. வார்டில் டோஸ் எவ்வளவு என்று கேட்கிற அதே குரல். “நீங்களே சொல்லுங்க அண்ணி. எப்பவும் நீங்கதானே சொல்வீங்க. நான் செய்வேன்.”

கேலி இருக்கிறதா என்று அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். இல்லை. உண்மையாகவே கேட்டுக்கொண்டு நின்றாள். கொண்டுபோய்க் குடு என்று ஒரு வார்த்தை. அது நாக்குநுனி வரைக்கும் வந்தது. அதற்கும் பின்னால் பெரிய சைஸை இரண்டாக மடித்துக்கொண்ட ஒரு பன்னிரண்டு வயசுப் பெண் வந்து நின்றாள். அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு அண்ணி மறுபடி தரையைப் பார்த்தாள்.

சின்னவள் பொறுத்துப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி ஷிப்டுக்குப் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். தாளை உறையில் போட்டு, உறையைப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்தாள். அண்ணி சாப்பிடாமல் இருப்பதைக் கவனித்திருக்க வேண்டும், அடுப்படியில் சோறு மூடி வைத்திருப்பதாகச் சொன்னாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பாமலே, “திங்கட்கிழமைக்கு லீவு ஏற்கனவே எழுதிக் குடுத்துட்டேன்” என்றாள்.

தெருமுனை திரும்புகிற வரைக்கும் வேகமாகத்தான் நடந்தாள். மாமனார் எட்டிப் பார்த்து, என்னவாம் அவளுக்கு, சொல்லாமல் போகிறாள் என்று கேட்டார். அண்ணி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பின்னாலேயே ஓடிப்போய் அந்தப் பையைப் பிடுங்கிவிடலாம் என்று தனக்கு ஒரு நினைப்பு வந்து போனதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.